மண்ணெண்ணெய்க்குப் போகாத கறை

கறை அசையவில்லை.

சிபானா கிணற்றடியில் குந்தியிருந்தாள். மடியில் மகள் நஸ்லினின் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு. கறைக்கு அடியில் பழைய துவாய்த் துண்டொன்றை மடித்து வைத்திருந்தாள். துணியைப் புரட்டி, உள்பக்கமாக மண்ணெண்ணெயை ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அகலும். இந்த இரண்டு மாதத்தில் அவளாகவே பழகிக்கொண்ட முறை அது. பச்சை அப்படித்தான் போனது. வள்ளத்துக்கு அடிக்கிற நீலமும் போனது. கேற்றுக் கறுப்புக்குக்கூட இரண்டு தரம் ஒற்றியது போதுமாக இருந்தது.

இது ரோசா. முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் பிடித்திருந்தது. துணி மண்ணெண்ணெயைக் குடித்தது. ரோசா அப்படியே இருந்தது.

கை வலித்தது. விடியுமுன் எழும்பி, சிவப்பரிசி மாவைக் குழைத்து, உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக இடியப்பம் அவித்து, சந்திக் கடைக்குக் கொடுத்தனுப்பிய கை. பிழிகிற வேலை தோளில் போய்த் தங்கும். மாலையானால் தோளிலிருந்து விரலுக்கு இறங்கும். கச்சான் காற்று வேறு மேற்கே இருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்தது. கறையை ஒரு நிமிடம் ஈரமாக வைத்திருக்க முடியவில்லை.

கறை கழுவுகிற வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைத்ததில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வருவதில்லை என்று சிபானாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று நஸ்லினுக்கும் தெரியும். கறை பட்ட உடுப்பை மகள் வாளியின் அடியில் அமுக்கி, மேலே தம்பி அக்ரமின் காற்சட்டையைப் போட்டு மூடுவாள். தாய் எடுத்துக் கழுவுவாள். காலையில் வெள்ளையாக மடித்து வைத்திருப்பாள். மகள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள்.

பெயின்ட் அடிப்பது றம்ஸீனின் தொழில். சிபானாவின் கணவன், பிள்ளைகளின் வாப்பா. இரண்டு மாதமாக இந்த வீட்டில் இல்லாதவன்.

*

மருதமுனையில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஆணுக்கென்று வீடு கிடையாது, யாரும் கேட்பதுமில்லை. சிபானாவுக்கு இந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தவன் அவளுடைய காக்கா சப்ரி. வாப்பா மௌத்தாகிப் போக, கட்டாருக்குப் போய் வெயிலில் கிடந்து, தங்கச்சிக்குக் கூரை போட்ட பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தான். இப்போது பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான்.

றம்ஸீன் சாய்ந்தமருதுக்காரன். ஊரில் பாதிப் பேரின் சுவருக்கு நிறம் கொடுத்தவன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, வேலையில் மிஞ்சிய இளம்பச்சையை எடுத்துத் தான் இருக்கும் வீட்டின் முன்சுவருக்கு அடிக்கத் தொடங்கினான். பாதிச் சுவர் ஆனபோது சப்ரியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"ஆரக் கேட்டு அடிக்கிறாய்?"

"ஆரக் கேக்கணும் மச்சான்?"

"இது நான் கட்டின ஊடு. வந்து குந்தின ஆள் இதுட நிறத்த மாத்தேலாது."

தெரு நிறைய அஸர் தொழுது பள்ளிவாசலால் வருகிற சனம். றம்ஸீன் கிணற்றடிக்குப் போய்ப் பிரஷ்ஷைக் கழுவினான். உதறினான். ஒரு பையில் மூன்று சேட்டுகளையும் சாரத்தையும் வைத்துக்கொண்டு, பாதிப் பச்சைச் சுவரைத் தாண்டிப் போனான்.

அவனுடைய உம்மாவின் வீடு இப்போது அவன் தங்கச்சியின் வீடு. அங்கே சில நாள் கிடந்தான் என்றார்கள். பிறகு வேலை செய்கிற இடங்களில் படுக்கிறான் என்றார்கள். சிபானா இரண்டு தரம் போனில் கோல் எடுத்தாள்.

"ஊட்டுக்கு வாங்க" என்றாள்.

"ஆர்ர ஊட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

சப்ரி பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனி வாப்பாவிடம் போகக் கூடாது என்று சொல்லிவைத்தான். நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு, சப்ரி சொல்லி, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் சிபானா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த மனிதர் எனக்கு வேண்டாம். அது போதும். விவாகரத்து விஷயத்தைக் காதி நீதவான் பார்த்துக்கொள்வார்.

*

"என்னகா, மண்ணெண்ண மணம் தெருமட்டும் அடிக்குது. கழுவுறியா, ஊட்டக் கொளுத்தப்போறியா?"

சப்ரியின் மனைவி ஹாஜறா, கையில் ஒரு சட்டி கீரி மீனோடு வந்தாள். சிபானா உடுப்பைச் சுருட்டினாள். பிந்திவிட்டது.

"கொண்டா பாப்பம்."

"ஒண்டுமில்ல மதினி. பள்ளிக்கூடத்துல சித்திரப் பாடம்."

"சித்திரப் பாடத்துல செவருக்கு அடிக்கிற பெயின்டா குடுக்கிற?"

ஹாஜறா கடையில் கணவனுக்குப் பக்கத்தில் நின்று பெயின்ட் வாளி தூக்கிக் கொடுக்கிறவள். துணியை வாங்கினாள். நகத்தால் சுரண்டினாள். மோந்தும் பார்த்தாள்.

"மண்ணெண்ண எனாமலுக்குத்தான் புள்ள. கேற்று, கம்பி, வள்ளம். இது எமல்சன். ஊட்டு உள்செவருக்கு அடிக்கிற. காஞ்சிட்டெண்டா ஸ்பிரிட் வெச்சி எடுத்தாத்தான் கொஞ்சமாவது போகும்."

"உள்செவருக்கா?"

"ஓம்."

"உள்செவருக்கு ஆரு ரோசா அடிக்கிற?" என்று கேட்ட பிறகுதான் சிபானாவுக்கு விடை தெரிந்தது. ஹாஜறாவுக்கும் தெரிந்தது. கல்யாணம் பேசி முடித்த வீட்டில்தான் அறைக்கு ரோசா அடிப்பார்கள். மாப்பிள்ளை வந்து இறங்குகிற அறைக்கு.

ஹாஜறா மீன் சட்டியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

"நான் சொல்லக் கூடாதெண்டுதான் இரிந்த. பெரியநீலாவண எல்லையில ஒரு சின்ன ஊட்டுக்குள்ள உன்ட மனுசன் நிண்டு பெயின்ட் அடிக்கிறத அடுத்த தெரு சுல்பிகா கண்டிரிக்காள்."

"வேலையாயிரிக்கும்."

"வேலயெண்டா ஊட்டுக்காரன் பக்கத்துல நிண்டு, இஞ்ச காணாது அங்க காணாது எண்டு உயிர எடுப்பான். அங்க அப்பிடி ஒருத்தனுமில்லயாம். தனிய நிண்டு, ஆறுதலா, ஆசயா அடிக்கிறாராம்."

"ஆசயா அடிக்கிறத சுல்பிகா தெருவுல நிண்டே கண்டாளாக்கும்."

"கதவு திறந்து கிடந்திச்சாம். நான் கண்டன் எண்டு சொல்றனா? ஆம்புளைக்கு ஊடில்ல புள்ள. ஒரு ஊட்ட விட்டு எறங்கினா இன்னொரு பொம்புளட ஊட்டுல ஏறத்தான் வேணும். வேற எங்க போற? பள்ளிவாசல்ல எத்தின நாளைக்குப் படுக்கிற?"

சிபானா மீனை எடுத்துச் செதில் உரசத் தொடங்கினாள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஹாஜறா அவளுக்கு எதிரே குந்தினாள். குரல் இறங்கியது.

"நாளைக்குக் கேக்கக்குள்ள வேணாமெண்டு சொல்லிரு. உன்ட காக்கா சோறு தின்னுறதில்ல. கோப்பையில பெசஞ்சிட்டு எழும்புறார்."

"அவருக்கென்ன?"

"தன்ட வாயால வந்ததெண்டு அவருக்கும் தெரியும். அத வெளியில சொல்லமாட்டார். நீ வேணாமெண்டு சொன்னா, அப்ப மனுசன்தான் கூடாதவன் எண்டு ஆகும். அவர்ர நெஞ்சு ஆறும். புள்ளைகளத் திரும்பிப் பாக்காத வாப்பா எண்டுதான் பள்ளி ஆக்கள்கிட்டச் சொல்லி வெச்சிரிக்கார்."

சொல்லிவிட்டு ஹாஜறா ரோசாக் கறையைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

"இத அவர் காணப்படா. கடையில ஸ்பிரிட் இரிக்கி. களவாக் குடுத்தனுப்பட்டா?"

"வேணாம் மதினி."

ஹாஜறா போன பிறகும் சிபானா எழும்பவில்லை. கச்சான் காற்றில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காத வாப்பா. பச்சை, நீலம், கறுப்பு. பிள்ளைகள் அடி வாங்கக் கூடாதென்று தான் ஒவ்வொரு நாளும் கழுவி ஊற்றியது என்ன என்று இப்போதுதான் யோசித்தாள். அவனுக்கென்று இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

ஆனால் ரோசாவுக்கு என்ன சாட்சி?

மஃரிப் தொழுதுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். முதல் தடவையாகக் கேட்டாள்.

"மகள், இது எங்க பட்ட?"

நஸ்லின் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செவுத்துல."

"ஆர்ர ஊட்டுச் செவுத்துல?"

"எல்லாம் முடிஞ்சாப் பொறகுதான் சொல்லணுமாம். வாப்பா சொன்ன."

"என்னம்மா முடிஞ்சா?"

மகள் பக்கத்தைப் புரட்டினாள். சிபானா கொப்பியை மூடிவைத்தாள். "அந்த ஊட்டுல பொம்புளைகள் ஆரும் இரிக்காங்களா?"

நஸ்லின் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ஒரு மாமி வருவா" என்றாள். "ஊட்டப் பூட்டுற திறப்பு அவக்கிட்டத்தான் இரிக்கி."

*

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சிபானா கறுப்பு அபாயாவோடு எதிரிலிருந்த கடைத் தாழ்வாரத்தில் நின்றாள். நஸ்லின் தம்பியின் கையைப் பிடித்து வீதியைக் கடந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வடக்கே நடந்தாள்.

சிபானா பின்னால் நடந்தாள். காற்று மணலை அள்ளிக் காலில் அடித்தது. விடியுமுன் எழும்பிய உடம்பு, ஒவ்வொரு ஒழுங்கையிலும் திரும்பிப் போய்ப் படு என்று சொன்னது. திறப்பு என்ற ஒரு சொல்தான் அவளை நடத்திக்கொண்டு போனது. இந்தக் கரையில் திறப்பு யாரிடமோ, வீடு அவளுடையது. வீடு யாருடையதோ, மாப்பிள்ளை அவளுடையவன்.

தறிச் சத்தம் கேட்கிற ஒழுங்கைகள் முடிந்தன. ஊர் எல்லை. தகரக் கூரை போட்ட சின்ன வீடு, சுற்றி முள்வேலி. பிள்ளைகள் ஓடி உள்ளே போனார்கள். உள்ளே ஒரு பெண் சிரித்தாள்.

சிபானா வாசலில் போய் நின்றாள்.

முதலில் கண்டது அந்தப் பெண்ணைத்தான். நெற்றியில் பொட்டு. கையில் திறப்பு.

"நீங்கதானே பிள்ளைகள்ற அம்மா?" என்றாள் அவள். "நான் சுலக்சனா. இது எங்கட அம்மாட வீடு, சும்மா பூட்டிக் கிடந்தது. தனி ஆம்பிளைக்கு வாடகைக்குக் குடுக்க ஊருல எல்லாரும் யோசிச்சவங்களாம். பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து நிண்டார். நான் குடுத்திட்டன்."

சிபானா வாசற்படியிலேயே குந்தினாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா அக்கா? கிணத்துத் தண்ணி கொஞ்சம் சவர். தேத்தண்ணிக்குப் பறவாயில்ல." சுலக்சனா குனிந்து அவளுடைய கையில் திறப்பை வைத்தாள். "இத நீங்களே வெச்சிக்கங்க. ஆம்பிளைகள் துலைச்சிருவாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அறை ரோசாவாக இருந்தது. மூன்று சுவர் காய்ந்திருந்தது. வாசற்பக்கத்துச் சுவரில் ஈரம். றம்ஸீன் பலகையில் நின்றான், கையில் ரோலர். தாடி நரைத்திருந்தது. இரண்டு மாதத்தில் நரைத்ததா, தான் பார்க்காமல் இருந்ததா என்று சிபானாவுக்குத் தெரியவில்லை.

"கறை போகல்ல" என்றாள்.

"எதுல?"

"நஸ்லின்ட உடுப்புக் கையில. மண்ணெண்ண போட்டன்."

"மண்ணெண்ணைக்குப் போகாது. இது எமல்சன்."

"இப்ப தெரியும்."

அவன் இறங்கினான். சாரத்தில் கையைத் துடைத்தான்.

"ஆருக்கு இந்த ஊடு?"

"எனக்கு."

"தனிய ரோசா அறையில படுக்கப்போறீங்களா?"

"நான் நீலம் கேட்ட உம்மா" என்றான் அக்ரம். "றாத்தாதான் ரோசா கேட்ட. வாப்பா அவட சொல்லத்தான் கேக்குறார்."

"நீ நீலம் கேட்டா வள்ளத்துல போய்ப் படு" என்றாள் நஸ்லின்.

றம்ஸீனுக்குச் சிரிப்பு வந்தது. சிபானாவுக்கும் வந்திருக்கும். வரக் களைப்பு விடவில்லை.

"ஆம்புள ஊடெடுத்து, பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போன கத இஞ்ச இரிக்கா?" என்றாள். "சிபானாக்கு ஊடில்லயா எண்டு சனம் கேக்கும்."

"கேக்கட்டும். இவ்வளவு நாளும் என்னக் கேட்டதுதானே."

"நான் வாங்க எண்டுதானே கோல் எடுத்த."

"வரலாம். வந்தா, ஒரு ஆணி அடிக்கவும் சப்ரி மச்சானக் கேக்கணும். எனக்குக் கோவமில்ல சிபானா. சோறு எறங்காது. அவ்வளவுதான்."

"நான் வரல்லெண்டா?"

அவன் ரோலரை வாளியில் வைத்தான். யோசித்த பதில் போலிருந்தது.

"புள்ளைகள் வந்துபோக ஒரு இடம் வேணும். வேல செய்ற இடத்துல வெச்சிப் பாத்தா ஊட்டுக்காரன் ஏசுறான். தெருவுல வெச்சிப் பாக்க எனக்கு வெக்கம்."

"என்னக்கிட்டச் சொல்லியிரிக்கலாம்."

"சொன்னா நீங்க காக்காக்கிட்டக் கேப்பீங்க."

சிபானா கேட்டிருப்பாள். மெய்தான். மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"குசினி எங்க?"

பின்னால் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கியிருந்தது. அடுப்பு மேற்குப் பார்த்து இருந்தது. சாம்பல் முழுவதையும் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது.

"கச்சான் நேர வந்து விழுது. இதுல நெருப்பு நிக்காது."

"தகரம் அடிச்சு மறச்சுத் தாறன்."

"எனக்கு ரெண்டு அடுப்பு வேணும். ஒண்டுல தட்டு, ஒண்டுல தண்ணி. இல்லாட்டி கடைக்குச் சுணங்கும்."

"ரெண்டு வெக்கலாம்" என்றான் றம்ஸீன். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவளைப் பார்த்துச் சொன்னான்.

மருதமுனைப் பக்கமிருந்து அஸர் பாங்கு கேட்டது. சிபானாவின் கைப்பையில் போன் அடித்தது. காக்கா. அடித்து ஓய்ந்தது. மறுகாவும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மாட்டேன் என்று நினைத்து எடுக்காமல் விட்டதல்ல. எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தொழுகையும் முடிந்து கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது.

*

சப்ரி வெள்ளைச் சேட், வெள்ளைச் சாரத்தோடு வந்திருந்தான். பள்ளி ஆட்களுக்காக உடுத்தது. வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே பார்த்தான். ரோசாச் சுவர், பலகை, தன் தங்கச்சி, அவளுடைய புருஷன். பிள்ளைகள் தகப்பனுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"உன்ட மதினிதான் இஞ்ச போய்ப் பாருங்க எண்டாள்" என்றான். "அவங்க வந்து குந்திட்டிரிக்காங்க. வா தங்கச்சி."

"அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிருங்க காக்கா."

"என்ன கத கதைக்கிறாய்?"

"அந்தச் சொல்ல என்னால சொல்லேலாது. புள்ளைகளத் திரும்பிப் பாக்காதவர் எண்டு சொல்லியிரிக்கீங்க. ஒவ்வொரு நாளும் பாத்துட்டுத்தான் இரிந்திரிக்கார். அதுகள்ற உடுப்பெல்லாம் பெயின்ட். நான்தான் உங்களுக்குத் தெரியாமக் கழுவினன்."

சப்ரி மருமகளைப் பார்த்தான். நஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் ஏசுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஏசவில்லை. வெயிலில் வந்த மூச்சு வாங்கியது.

"சரி" என்றான் கடைசியில். "அப்ப இவனக் கூட்டிட்டு ஊட்டுக்கு வா. நான் இனி வாய் திறக்கல்ல. காணுமா?"

றம்ஸீன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இது சப்ரிக்கு எவ்வளவு பெரிய சொல் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய சொல். சிபானா ஒரு நிமிடம் அந்த வழியாகப் போய்ப் பார்த்தாள். மூன்று அறை, சீமெந்துக் குசினி, காற்று வராத அடுப்பு. படலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும் ஒவ்வொரு தரமும் எழும்பி நிற்கப்போகிற புருஷன்.

"வாய் திறக்கமாட்டீங்க காக்கா. எனக்குத் தெரியும். ஆனா பாப்பீங்க. அது காணும் அவருக்கு." அவள் குரல் உயரவில்லை. "நான் இஞ்ச இரிக்கப்போறன்."

"இந்தத் தகரத்துக்குள்ளயா?"

"ஓம்."

"உனக்கு ஊடில்லயா?" சப்ரி வாசற்படிக்குக் கிட்ட வந்தான். "நான் அந்த வெயிலுக்குள்ள கெடந்து செத்தது எதுக்கு? ஆருக்குக் கட்டின? சனம் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?" வாசலுக்கு உள்பக்கம் கையை நீட்டிச் சுவரைப் பிடித்தான்.

"நீங்க கட்டினதாலதான் இவ்வளவு நாளும் ஆரும் என்ன ஒண்டும் கேக்கல்ல" என்றாள் சிபானா. "அத நான் மறந்தா எனக்குக் கூடாது. அந்த ஊடு நஸ்லினுக்கு. நான் போய்க் கூட்டுவன், வெளக்குப் போடுவன். இவருக்கு ஒரு செவர் வேணும் காக்கா. வேறொண்டும் நான் கேக்கல்ல."

காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"மச்சான்" என்றான் றம்ஸீன். இரண்டு மாதத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை. "கைய எடுங்க. அது காயல்ல."

சப்ரி கையை எடுத்தான். உள்ளங்கை முழுவதும் ரோசா. சுவரில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அக்ரம் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். சப்ரி அந்தக் கையை வெள்ளைச் சாரத்திலிருந்து தள்ளிப் பிடித்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டில் இருக்கிற ஆட்களாகத்தான் இருக்கும். எடுக்கக் கை உதவவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கிணறு எங்க?" என்றான் சப்ரி.

"பின்னால. சுத்திப் போகேலாது மச்சான், முள்வேலி." றம்ஸீன் பலகையை இழுத்து வழியை விட்டான். "உள்ளுக்கால வாங்க."

சப்ரி வீட்டுக்குள் இன்னொரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து பார்க்காமலே, ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைக் கழற்றினான்.